இராணுவ பேண்டுத் தேர்வில் தேறவில்லையா? அடுத்த தேர்வு வரை ஊதிக்கொண்டிருக்க ஒரு வழிகாட்டி

மலேசியாவில் பகாவ் பட்டணத்திலிருந்து மோட்டாரில் இருபது நிமிடம் போனால் எங்கள் தோட்டம் வரும். சுற்றிலும் செம்பனை, நடுவில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயம், ஒரு திடல், ஒரு மாரியம்மன் கோயில். இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று படிக்கும்போது பள்ளி பேண்டில் ட்ரம்பெட் பிடித்தேன். அன்றிலிருந்து இராணுவ பேண்டில் ஊத வேண்டும் என்பதுதான் ஆசை.

19 வயதில் முதல் தேர்வுக்குப் போனேன், தேறவில்லை. அடுத்த வருடமும் போனேன், அப்போதும் இல்லை. மூன்றாவது முறை பெயர் வந்தது. முதல் தேர்வுக்கும் மூன்றாவது தேர்வுக்கும் நடுவில் 26 மாதம். அதில் எட்டு வாரம் நான் ட்ரம்பெட்டைத் தொடவே இல்லை. அந்த எட்டு வாரத்தில் இளகிப்போன உதட்டுத் தசையைத் திரும்ப இறுக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. உங்களுக்கு அந்த நஷ்டம் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் ட்ரம்பெட்காரன் என்பதால் உதாரணமெல்லாம் ட்ரம்பெட்டில் இருக்கும். கிளாரினெட், சாக்ஸபோன், டிரம் வாசிப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. முதல் மூன்று நாள் எந்த முடிவும் எடுக்காதீர்கள்

பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்த அன்று மனசு ஒரு நிலையில் இருக்காது. அந்த நேரத்தில் வாத்தியத்தை விற்காதீர்கள். பேஸ்புக்கில் எதுவும் எழுதாதீர்கள். வீட்டில் "இனிமேல் இந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்தச் சொல்தான் முதலில் எதிரே வந்து நிற்கும்.

அந்த மூன்று நாளில் வாத்தியத்தைக் கழுவுங்கள். பெரிய பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விடுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், மேலே உள்ள லாக்கர் பூச்சு உரிந்துவிடும். வால்வுகளை 1, 2, 3 என்ற வரிசை மாறாமல் துணியில் எடுத்து வையுங்கள். அவற்றின் ஃபெல்ட் நனையக்கூடாது. ஸ்லைடுகளைக் கழற்றி ஊறவைத்து, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, நிழலில் காயவைத்து, வால்வு ஆயிலும் ஸ்லைடு கிரீஸும் போடுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம். மரக் கிளாரினெட் வைத்திருப்பவர்கள் தண்ணீர் பக்கமே போக வேண்டாம். துணியை உள்ளே இழுத்துத் துடைத்து, கார்க்குக்குக் கிரீஸ் தடவினால் போதும்.

2. 48 மணி நேரத்துக்குள் நடந்ததை எழுதுங்கள்

தேர்வு முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸிலேயே எழுதினால் இன்னும் நல்லது. நோட்டில் நாலு தலைப்பு போடுங்கள்: காகிதம், உடம்பு, வாத்தியம், நேர்முகம். என்ன கேட்டார்கள், என்ன செய்தீர்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். "நான் சரியில்லை" என்று எழுதுவதால் பயனில்லை. "ஜி மேஜர் ஸ்கேல் இறங்கும்போது எஃப் ஷார்ப்பை விட்டேன்" என்று எழுதினால் நாளைக்கே வேலை ஆரம்பிக்கலாம்.

என் முதல் நோட்டில் இருந்ததைச் சொல்கிறேன். முன்பின் பார்க்காத ஒரு மார்ச் (அணிநடை இசை) தாளைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். முதல் பாதி ட்ரம்பெட்டுக்கு சி மேஜர், நன்றாகவே போனது. அப்புறம் டிரியோ என்ற பிற்பகுதி வந்தது. மார்ச்களில் டிரியோ வரும்போது பெரும்பாலும் ஒரு ஃபிளாட் (சுரத்தை அரைப்படி இறக்கும் குறி) கூடும். வரிசையின் தலையில் அந்தச் சின்னக் குறி இருந்தது. நான் பார்க்கவில்லை. பி ஃபிளாட் ஊத வேண்டிய இடத்தில் சாதாரண பி ஊதினேன். முதல் வால்வு இறங்க வேண்டும், என் இரண்டாம் விரல் இறங்கியது. காதில் கரகரவென்று கேட்டும் அந்த விரல் எழவில்லை. எட்டு பாரில் (தாளக் கட்டத்தில்) மூன்று முறை அதே தப்பு. எதிரில் இருந்தவர் பேனாவை மேசையில் வைத்தார்.

பஸ் புக்கிட் புத்துஸ் ஏறி இறங்குவதற்குள் இதை எழுதி முடித்தேன். அப்போது அழுகைதான் வந்தது. ஆனால் அடுத்த 26 மாதம் எனக்கு வேலை கொடுத்தது அந்த ஒரு பக்கம்தான்.

3. காரணம் சொல்லமாட்டார்கள், வேறு இடத்தில் கேளுங்கள்

முடிவு பொதுவாகத் "தேறவில்லை" என்ற அளவில்தான் வரும். எங்கே குறை என்று விளக்கம் வராது. பணிவாக மலாயில் கடிதம் எழுதிக் கேட்கலாம், ஆனால் பதிலுக்காகக் காத்திருந்து பயிற்சியை நிறுத்தாதீர்கள்.

விளக்கம் வேண்டுமென்றால் ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் கிரேடு தேர்வு ஒன்று எழுதுங்கள். அதில் தேர்வாளர் ஒவ்வொரு பகுதிக்கும் மதிப்பெண்ணோடு குறிப்பும் எழுதித் தருவார். நேரில் எழுதும் வாசிப்புத் தேர்வுக்கு மொத்தம் 150, தேற 100. அதில் பார்த்ததும் வாசிப்பதற்கு 21, தேற 14. எனக்கு 15 வந்தது. என் குறை எங்கே இருக்கிறது என்று அந்நியர் ஒருவர் எண்ணால் சொன்னது அதுதான் முதல் முறை. கட்டணம் கிரேடு ஏற ஏற கூடும், அதனால் தேவைக்கு மேல் ஏறாதீர்கள். கிரேடு 6 முதல் வாசிப்புத் தேர்வு எழுத கிரேடு 5 தியரியோ அதற்கு இணையான தேர்வோ தேறியிருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தெரியாமல் பணம் கட்டப் போய் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீங்கள் நன்றாக வாசித்தும் தேறாமல் போகலாம். பேண்டில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இத்தனை நாற்காலி என்று ஒரு கணக்கு உண்டு. ட்ரம்பெட் நாற்காலி நிறைந்திருந்தால் எவ்வளவு நன்றாக ஊதினாலும் இடமில்லை. எந்தப் படையின் பேண்டு என்பதையும் பாருங்கள். அரச மலாய் ரெஜிமென்ட் மலாய்க்காரர்களை மட்டும் எடுக்கும் படை. அரச ரேஞ்சர் ரெஜிமென்டில் எல்லா இனத்தவரும் உண்டு. கடற்படைக்கும் ஆகாயப் படைக்கும் தனித்தனி பேண்டு இருக்கிறது. விளம்பரத்தைச் சரியாகப் படிக்காமல் மனு போட்டுவிட்டு, "என்னை ஒதுக்கிவிட்டார்கள்" என்று ஒரு வருடம் புழுங்கிய பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

4. வாத்தியம் கையில் இருக்கிறதா?

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் இதுதான். படிவம் ஐந்து முடிந்ததும் பள்ளி ட்ரம்பெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அப்புறம் எதை ஊதுவது? நான் மேலே சொன்ன எட்டு வாரம் அப்படித்தான் போனது. ஆசை குறைந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். கையில் வாத்தியம் வந்த அன்றே அந்த நினைப்பு போய்விட்டது.

முதலில் பள்ளியைக் கேளுங்கள். பேண்டு ஆசிரியர் வழியாக முதல்வருக்கு ஒரு கடிதம், திருப்பிக் கொடுக்கும் தேதியோடு. உடைந்தால் பழுதுச் செலவு என்னுடையது என்றும் எழுதுங்கள். சில பள்ளிகள் விடுமுறைக் காலத்துக்காவது கொடுக்கும். கொடுக்க முடியாது என்றால் வருத்தப்படாதீர்கள், அது அரசாங்கச் சொத்து.

சொந்தமாக வாங்குவதென்றால் பழையது போதும். நான் மாதம் 170 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி, ஐந்து மாதத்தில் 850 வெள்ளிக்கு யமாஹா மாணவர் ட்ரம்பெட் ஒன்றை வாங்கினேன். பழையதை வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

- வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சட்டென்று வெளியே இழுங்கள். 'பொப்' என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லையென்றால் வால்வு தேய்ந்துவிட்டது.
- மவுத்பீஸ் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அது பித்தளை உள்ளிருந்து அரிப்பதன் அடையாளம். தொடவேண்டாம்.
- எல்லா ஸ்லைடும் கையால் நகர வேண்டும். இடுக்கி தேவைப்பட்டால் வேண்டாம்.
- மவுத்பீஸ் உள்ளே இறுகிப்போய் இருந்தால் விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

தெரிந்தவர் ஒருவர் உடன் வந்து ஊதிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன்பணம் அனுப்பச் சொல்லி, பெட்டியில் பொருளே வராத கதை நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. வாத்தியம் போக, வால்வு ஆயிலுக்கும் கிரீஸுக்கும் 50 வெள்ளி ஒதுக்குங்கள். தாளம் தட்டும் மெட்ரோனோமும் சுருதி காட்டும் டியூனரும் கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கின்றன.

5. எங்கே ஊதுவது?

லயத்து வீட்டில் நடுச்சுவர் ஒன்றுதான். நம் வீட்டில் ஊதினால் பக்கத்து வீட்டுத் தட்டு அதிரும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட். முதலில் அவரிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, சாயந்திரம் அஞ்சிலேருந்து ஆறு வரைக்கும் ஊதலாமா?"

"ஊதுடா. ஞாயித்துக்கிழமை மட்டும் என்னைத் தூங்க விட்டுரு."

இப்படிக் கேட்டு வைத்ததால் இரண்டு வருடத்தில் ஒரு சண்டை வரவில்லை. சுராவ் (சிறிய தொழுகைக்கூடம்) பக்கத்தில் இருந்தால் பாங்கு நேரத்தில் நிறுத்துங்கள். கோயிலில் பூசை மணி அடித்தாலும் அப்படியே.

மழையில்லாத நாளில் நான் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போவேன். காலையில் ஆள் கணக்கு எடுத்து முடிந்தால் அந்த இடம் நாள் முழுக்கக் காலி. திறந்த வெளியில் ஊதும்போது ஒரு ஆபத்து உண்டு. சத்தம் திரும்பி வராததால் நம்மையறியாமல் பலமாக ஊதி உதட்டைப் புண்ணாக்கிக்கொள்வோம். அதனால் ஸ்டோர் சுவரைப் பார்த்து நின்று ஊதுங்கள். உங்கள் சத்தம் உங்களுக்கே கேட்கும். தாள் பறக்காமலிருக்கத் துணிக் கிளிப் நாலு எடுத்துக்கொள்ளுங்கள். சத்தத்தைக் குறைக்கும் அடைப்பான மியூட் வாங்கலாம். ஆனால் தினமும் மியூட்டிலேயே ஊதினால் மூச்சு அந்த அடைப்புக்கே பழகிவிடும், தேர்வு அறையில் சத்தம் வேறு மாதிரி வரும்.

6. தினம் நாற்பது நிமிடம், எண்ணி எழுதுங்கள்

வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி செய்பவருக்கு இரண்டு மணி நேரத் திட்டமெல்லாம் ஒரு வாரம்தான் தாங்கும். நாற்பது நிமிடம் என்றால் களைத்து வந்த நாளிலும் முடியும்.

முதல் பத்து நிமிடம் நீண்ட ஒற்றைச் சுரங்கள். மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒவ்வொன்றையும் எட்டு எண்ணிக்கை அசையாமல் பிடியுங்கள். அடுத்த பத்து நிமிடம் ஸ்கேல். பேண்டு இசை ஃபிளாட்டுகளில்தான் அதிகம் போகும், அதனால் கான்சர்ட் (எல்லா வாத்தியத்துக்கும் பொதுவான உண்மைச் சுருதி) பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் மூன்றையும் முதலில் இறுக்கமாக்குங்கள். ட்ரம்பெட்டுக்கு அவை சி, எஃப், பி ஃபிளாட். ஆல்டோ சாக்ஸபோனுக்கு ஜி, சி, எஃப். தேர்வு அறையில் "கான்சர்ட் ஈ ஃபிளாட்" என்று மட்டும் சொல்வார்கள். நின்று கணக்குப் போட நேரமிருக்காது.

அடுத்த பன்னிரண்டு நிமிடம் முன்பின் பார்க்காத தாள். இதில்தான் நான் கரையேறினேன். ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையத்தளத்தில் பதிப்புரிமை முடிந்த பழைய இசைத்தாள்கள் இலவசம். தினமும் புதிதாக 16 பார் எடுங்கள். அரை நிமிடம் பாருங்கள்: ஃபிளாட் எத்தனை, தாளம் எது, நடுவில் குறி மாறுகிறதா, உச்சச் சுரம் எங்கே. அப்புறம் ஒரே முறை ஊதுங்கள். தப்பு வந்தாலும் நிற்கக்கூடாது. பேண்டு நடந்துகொண்டிருக்கும்போது உங்களுக்காக நிற்காது. எத்தனை இடத்தில் நின்றுபோனீர்கள் என்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். அதே தாளை மறுநாள் ஊதிப் பார்க்காதீர்கள், அது மனப்பாடமாகிவிடும். என் நோட்டில் முதல் வாரம் 4, 5, 4, 6 என்று இருக்கும். நாலாம் மாதம் 1, 0, 1. மனசு சோர்ந்த நாளில் எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பழைய பக்கத்தைத் திருப்புவேன்.

கடைசி எட்டு நிமிடம் உங்களுக்குப் பிடித்த பாட்டு. இதைக் குறைக்காதீர்கள்.

மார்ச் வேகம் நிமிடத்துக்கு 120 அடி அளவில் இருக்கும். 6/8 தாள மார்ச்சை 60இல் ஆரம்பித்து வாரம் 5 அடியாக ஏற்றுங்கள். உதடு வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலியோடு ஊதி ஒரு வாரம் கெடுத்தவன் சொல்கிறேன்.

7. தனியாகவே ஊதிக்கொண்டிருக்காதீர்கள்

இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த எட்டு வாரம் போயிருக்காது. வீட்டில் தனியாக ஊதுவது ஆறு மாதம் தாங்கும், அதற்கு மேல் கஷ்டம். இன்றைக்கு நீங்கள் ஊதவில்லையென்றால் "ஏன் வரல?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நான் பழைய பள்ளிக்கே போனேன். புதன்கிழமை மதியம் புறப்பாட (பாடத்துக்கு வெளியேயான நடவடிக்கை) நேரத்தில் பேண்டுப் பிள்ளைகளுக்கு உதவினேன். சம்பளம் கிடையாது, மோட்டாருக்கு எண்ணெய்க் காசு ஆசிரியர் கொடுப்பார். முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் பள்ளிக்குள் போகாதீர்கள். வெளியாள் உள்ளே இருப்பது ஆசிரியருக்குத்தான் பிரச்சினையாகும். அந்த அனுமதிக் கடிதத்தின் நகலை வைத்திருங்கள், நேர்முகத்தில் காட்டலாம்.

அங்கே படிவம் ஒன்று பெண்பிள்ளை ஒருத்தி. இரண்டாம் கோட்டில் வரும் ஜி அவளுக்கு வரவில்லை. கன்னம் உப்பிப் போகும், மவுத்பீஸை உதட்டில் அழுத்தி அழுத்தி வட்டமாகச் சிவந்திருக்கும். "அண்ணே, காத்துதான் வருது" என்றாள். ட்ரம்பெட்டை வாங்கி வைத்துவிட்டு, மவுத்பீஸை மட்டும் இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னேன். அழுத்த முடியாதபடி இரண்டே விரல். உதடு ரீங்காரமிட ஆரம்பித்தது. அப்படியே ட்ரம்பெட்டில் செருகினோம், ஜி வந்தது. அவள் கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். அடுத்த புதன்கிழமை அவளுக்கு அடுத்த சுரமான ஏ காட்ட வேண்டும் என்பதற்காகவே நான் செவ்வாய்க்கிழமை இரவு ஊதினேன். இரண்டாம் தேர்வில் தேறாமல் திரும்பிய வாரமும் அந்தப் புதன்கிழமை இருந்தது. போனேன்.

பள்ளி கிடைக்காதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. நம் தோட்டங்களில் உறுமி மேளக் குழு இல்லாத கோயில் குறைவு. ஆடித் திருவிழா, தைப்பூசம், பங்குனி உத்திரம் என்று வருடம் முழுக்க வேலை. அங்கே ட்ரம்பெட் தேவைப்படாது. கேட்டால் ஜால்ரா கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே, கூட்டம் நெருக்கும்போது, தாளம் விடாமல் பிடிப்பது பேண்டுக்காரனுக்கு நேரடிப் பயிற்சி. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். உறுமிக்குப் பக்கத்தில் நாலு மணி நேரம் நின்றால் இரவு முழுக்க காது ரீங்காரமிடும், நமக்குக் காதுதான் சோறு போடப்போகிறது. திருமணங்களுக்கு வாசிக்கும் பேண்டுக் குழு பக்கத்துப் பட்டணத்தில் இருந்தால் அதுவும் நல்லது. செலவுக்கும் ஆகும்.

8. உடம்பையும் பல்லையும் கவனியுங்கள்

பேண்டுக்காரனும் முதலில் சிப்பாய்தான். ஓட்டத்தில் தேறாவிட்டால் ட்ரம்பெட்டை எடுக்கவே விடமாட்டார்கள். என் இரண்டாம் தேர்வு அப்படித்தான் முடிந்தது, ஒரு சுரம்கூட ஊதவில்லை. 2.4 கிலோமீட்டர் ஓடிப் பழகுங்கள். 400 மீட்டர் ஓடுபாதையில் அது ஆறு சுற்று. வாரம் மூன்று நாள், தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே ஆரம்பியுங்கள். ஓட்டத்தால் ஊதும் மூச்சும் நீளும்.

அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். இரத்த அழுத்தம், எடை, உயரம் எல்லாம் முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள். பல் கிளினிக்குக்கும் போங்கள். முன்பல் ஆடினாலோ சொத்தையானாலோ ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு எல்லாமே போச்சு. நிறம் பிரித்துப் பார்க்கும் கண் சோதனையை ஒரு கண்ணாடிக் கடையில் செய்து பாருங்கள். அதில் குறை இருந்தால் தேர்வு நாளில் தெரிவதைவிட இப்போதே தெரிவது நல்லது. பச்சை குத்திக்கொள்ளும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

9. காகிதக் கோப்பு

விண்ணப்பம் திறந்தபிறகு ஓடினால் நேரம் போதாது. இப்போதே ஒரு கோப்பில் சேருங்கள்: மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம். (படிவம் ஐந்து அரசாங்கத் தேர்வு) சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், இசைத் தேர்வுச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் அளவுப் படம். ஒவ்வொன்றிலும் மூன்று நகல்.

நகலை உறுதிப்படுத்தும் முத்திரையில் அதிகாரியின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) முத்திரை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு. பள்ளி முதல்வர், அரசாங்க டாக்டர் போன்றவர்களிடம் போங்கள். மைகார்டில் சில்லு வேலை செய்கிறதா, பெயர் எழுத்து பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். நம் பெயர்களில் ஓர் எழுத்து மாறியிருப்பது சாதாரணம். அதைச் சரிசெய்யப் பதிவிலாகாவுக்குப் பலமுறை அலைய வேண்டிவரும், எனவே முதலில் செய்யுங்கள். பஹாசா மலேசியாவில் மதிப்பெண் போதவில்லையென்றால் தனியார் வேட்பாளராக எஸ்.பி.எம். தாளைத் திரும்ப எழுதலாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறார், ரெண்டாயிரம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒருமுறை தேறாத பிள்ளைகளின் பெற்றோரைத்தான் இவர்கள் தேடி வருவார்கள்.

10. வீட்டில் தேதி சொல்லுங்கள்

இரண்டாம் முறையும் தேறாதபோது அம்மா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"இன்னும் எத்தனை வருசம்டா இப்படி?"

அம்மா காலை ஐந்தரைக்கு பெரட்டுக்குப் போய், வெயிலில் உரம் போட்டுவிட்டு வருகிறவர். அந்தக் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் கழித்து நாட்காட்டியோடு உட்கார்ந்தேன். "அடுத்த வருசம் டிசம்பர் வரைக்கும்மா. அதுக்குள்ள ரெண்டு தடவை போவேன். மாசம் முந்நூறு வெள்ளி வீட்டுக்குக் கொடுத்துடுறேன். அப்பவும் கிடைக்கலைன்னா வேற படிப்புக்குப் போறேன்." அம்மா நாட்காட்டியில் அந்த மாதத்தைப் பேனாவால் சுழித்து வைத்தார். அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவே இல்லை.

விளம்பரத்தில் உள்ள வயது வரம்பைப் பார்த்து, உங்களுக்கு இன்னும் எத்தனை தேர்வு மிச்சம் என்று எண்ணி, அதை வைத்துத் தேதி சொல்லுங்கள். வேலைக்குப் போங்கள். சும்மா காத்திருந்தால் வீடும் தாங்காது, உங்கள் மனசும் தாங்காது.

11. மற்ற கதவுகள்

போலீஸ், தீயணைப்பு மீட்புப் படை, சிறைத்துறை ஆகியவற்றுக்கும் பேண்டு உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆள் எடுக்கும் காலமும் நிபந்தனையும் வேறு வேறு. மாதம் ஒருமுறை அவர்களுடைய அதிகாரபூர்வத் தளங்களைப் பாருங்கள். படிப்பு என்றால் கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகம் இரண்டிலும் இசைப் பிரிவு இருக்கிறது. இசை ஆசிரியராகிப் பள்ளி பேண்டு நடத்துவதும் இந்த வாத்தியத்தோடு வாழும் வாழ்க்கைதான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். மனம் விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். கிளினிக் டாக்டரிடமும் சொல்லலாம்.

12. மறு தேர்வுக்கு முந்தைய நாள்

முகாமில் காலை ஏழு மணிக்கு இருக்கச் சொன்னால் பகாவிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கோலப்பிலா வழியாகச் சிரம்பான் போய், அங்கே மாறி, இன்னும் எவ்வளவோ தூரம். முதல் நாள் மாலையே சிரம்பானிலோ தேர்வு நடக்கும் ஊரிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். நான் சித்தி வீட்டில் தங்கினேன். பஸ், சாப்பாடு, கடைசிப் பத்து கிலோமீட்டருக்குக் கிராப் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 90 வெள்ளி ஆனது.

முந்தைய நாள் இருபது நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள். உதடு ஓய்வெடுக்கட்டும். பையில் வால்வு ஆயில், துடைக்கும் துணி, நாணல் வாத்தியக்காரர்கள் பழகிய நாணல் மூன்று, ஓட்டக் காலணி, தண்ணீர், கோப்பு. நேர்முகம் மலாயில் நடக்கும், எனவே ருக்குன் நெகாரா (தேசியக் கோட்பாடு) ஐந்தையும், பேண்டில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்பதற்கு நாலு வாக்கியத்தையும் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். முன்பு தேறவில்லை என்பதை மறைக்காதீர்கள். கேட்டால் "இரண்டு முறை வந்தேன், துவான் (ஐயா). அதற்கப்புறம் இதையெல்லாம் செய்தேன்" என்று பயிற்சி நோட்டைக் கொடுங்கள். என் நோட்டை நேர்முக அதிகாரி ஐந்து நிமிடம் புரட்டினார்.

ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய தாளைக் கையில் கொடுத்ததும் "போலே சாயா தண்டா, துவான்?" (குறி போடலாமா, ஐயா?) என்று கேளுங்கள். சரி என்றால் நேராக டிரியோவுக்குப் போய், கூடியிருக்கிற ஃபிளாட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். கூடாது என்றால் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் முதல் பாருக்கு வாருங்கள்.